காதில் கூடுகிறது, மூட்டில் குறைகிறது: ஏன்?

கேள்வி: காது குத்திய இடத்தில் என் மகளுக்குத் தழும்பு தடித்து வளர்ந்துவிட்டது. அங்கே கொலாஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். மாமியாருக்கோ மூட்டுத் தேய்மானம். கொலாஜன் பொடி வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான் என்கிறான் பன்னிரண்டாவது படிக்கும் மகன். அப்படியானால் ஓரிடத்தில் கூடுவதும் ஓரிடத்தில் குறைவதும் எப்படி?
– வாசகி, அம்பர்நாத் கிழக்கு

பதில்: மகன் சொல்வது சரிதான். மரபணு எல்லா செல்லிலும் இருக்கிறது. அதை இயக்கும் புரதங்கள்தான் செல்லுக்குச் செல் மாறுகின்றன.

முதலில், காதிலும் மூட்டிலும் இருப்பது ஒரே கொலாஜன் அல்ல. நம் உடலில் 28 வகை உண்டு. மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு அவற்றுக்குப் பொது; சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954-55இல் அதைக் கண்டு சொன்னார்கள். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் அதிகம் இருப்பது முதல் வகை. மூட்டின் குருத்தெலும்பில் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையின் மரபணுவை இயக்குவது சாக்ஸ்-9 என்ற புரதம். குருத்தெலும்பு செல்லில் அது மரபணுவின் உள்ளேயே இருக்கும் ஒரு டிஎன்ஏ பகுதியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கி வைக்கிறது. சாக்ஸ்-5, சாக்ஸ்-6 துணை நிற்கின்றன. தோல் நார் செல்லில் இந்தக் கூட்டணி இல்லாததால் அங்கே அந்த மரபணு சும்மா கிடக்கிறது.

முதல் வகையின் கதை இன்னும் சுவையானது. மாடிப்படி விளக்கைக் கீழிருந்தும் போடலாம், மேலிருந்தும் போடலாம் அல்லவா? அதுபோல ஒரே மரபணுவுக்குப் பல சுவிட்சுகள். அமெரிக்காவில் தி குரோம்ப்ரூக் குழுவினர் 1995இல் இதைச் சுண்டெலிகளில் காட்டினார்கள். மரபணுவுக்கு முன்னால் உள்ள டிஎன்ஏவை வெட்டி, நிறம் காட்டும் வேறொரு மரபணுவோடு ஒட்டினார்கள். சுமார் 900 எழுத்து நீளத் துண்டு பெரும்பாலும் தோலில்தான் வேலை செய்தது. 2,300 எழுத்தாக நீட்டியபோது எலும்பையும் பல்லையும் உருவாக்கும் செல்களில் நிறம் தெரிந்தது. 3,200 ஆனதும் தசைநாணிலும் தெரிந்தது.

காயம் பட்டால் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் நார் செல்களைத் தூண்டி முதல் வகையைப் பெருக்குகிறது. காயம் ஆறியதும் அது அடங்க வேண்டும். அடங்காமல் போனால் மகளுக்கு வந்தது போன்ற கீலாய்டு தழும்பு.

பொடி? குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். அப்படியே போய் மூட்டில் ஒட்டிக்கொள்ளாது. இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். மூட்டுக்கு, டாக்டர் சொல்லும் தொடைத் தசைப் பயிற்சியை மாமியார் விடாமல் செய்யட்டும்.

கீலாய்டை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, பல நேரம் திரும்ப வளரும். கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசியைத் தழும்பிலேயே போடுவது உண்டு. தோல் மருத்துவரிடம் கேளுங்கள். மகளுக்கு மூக்கு குத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.