முதுகைக் காட்டி உட்காருங்க, ஆங்கிலம் வரும்!

ஞாயிறு வகுப்பில் தம்பி தங்கைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறீர்களா? கொஞ்ச நேரம் பாடநூலை மூடி வையுங்க.

தமிழில் 'மேசைக்கு அடியில்' என்கிறோம். இடத்தைக் காட்டும் சொல் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் அது முன்னால்: 'அண்டர் தி டேபல்'. பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவாங்க. விதியைச் சொன்னால் மட்டும் போதாது, காதும் வாயும் பழகணும்.

முதல் 10 நிமிடம் 'புட் தி புக் அண்டர் தி டேபல்' என்று நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் செய்யட்டும், பேச வேண்டாம். கேட்டுச் செய்யும் இம்முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் சோதித்துப் பார்த்தார்.

அடுத்து, இருவர் இருவராக முதுகைக் காட்டி உட்காரட்டும். ஒருவரிடம் படம், மற்றவரிடம் வெறுந்தாள். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கேட்டு வரையணும்.

என் வகுப்பில் ஒரு தம்பி நாலு வாரமாக வாயே திறக்கவில்லை. அன்று கூட இருந்த தங்கை, "கேட் ஆன் டேபல்?" என்று கேட்டாள். "நோ, நோ! அண்டர் டேபல்!" என்று கத்தினான்.

நான் திருத்தவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு, விட்டுப்போன 'தி'யை எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது, அதனால்தான் பேசினான். அந்தத் தேவையை உண்டாக்குவதுதான் நம் வேலை.