கயிறு பிடிக்கவும் படிக்க வேண்டும்

கேள்வி: அய்யா, எனக்கு ஊர் தூத்துக்குடி திரேஸ்புரம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து முடித்திருக்கிறேன். தாத்தா 1961 முத்துக்குளிப்பில் படகில் கயிறு பிடித்தவர். எனக்கு மீனைவிட ஆடு, நாய் மேல்தான் பிரியம். அமெரிக்காவில் இருக்கிற சித்தி, அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்து 'வெட் டெக்னீசியன்' ஆகலாம் என்கிறார். இங்கே ஓர் இடத்தில், ஆறு மாத டிப்ளமோ முடித்தால் தனியாகவே வைத்தியம் பார்க்கலாம் என்கிறார்கள். பணம் கட்டலாமா?
ஒரு வாசகி

பதில்: கட்டாதே, மகளே. மற்றதை அப்புறம் பேசுவோம்.

'தனியாகவே வைத்தியம் பார்க்கலாம்' என்றார்கள் பார், அந்த ஒரு வார்த்தையிலேயே குட்டு உடைந்துவிட்டது. 1984ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பட்டம் வாங்கிப் பதிவு செய்துகொண்ட டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். அதன் 30ஆவது பிரிவு உதவியாளர்களுக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. டிப்ளமோவோ சான்றிதழோ உள்ளவர்களை மாநில அரசு உத்தரவு போட்டு அனுமதித்தால், தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டு போன்ற முதலுதவிகளைச் செய்யலாம். அதுவும் பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில். ஆகவே எந்த டிப்ளமோவாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'இதை எந்த அரசு உத்தரவு ஏற்கிறது?' என்பதுதான். பதில் சொல்லாமல் இழுத்தால் எழுந்து வந்துவிடு.

நான் கால்நடை டாக்டராக வேலையில் இருந்தபோது ஒரு கிழவி தன் கொடி ஆட்டைக் கொண்டுவந்தார். நெட்டையான நல்ல ஆடு, செம்போரை நிறம். பின்னங்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தது. காய்ச்சலுக்கென்று யாரோ தொடையில் ஊசி போட்டிருக்கிறார்கள். ஆட்டுக்குத் தொடையில் சதை கொஞ்சம்தான். உள்ளே பெரிய நரம்பு ஓடுகிறது. ஊசி அதில் இறங்கிவிட்டது. காய்ச்சல் போயிற்று, கால் திரும்பவில்லை. போட்டவரிடமும் ஏதோ ஒரு சான்றிதழ் இருந்ததாம்.

சித்தி சொன்னது உண்மைதான். அங்கே அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் அங்கீகரித்த படிப்பு, பெரும்பாலும் இரண்டு வருஷம். பிறகு ஒரு பொதுத் தேர்வு. எக்ஸ்ரே எடுப்பது, ரத்தம் சோதிப்பது, மயக்கத்தில் கிடக்கும் நாயின் மூச்சைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நோய் இன்னதென்று சொல்வது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது மூன்றும் அங்கேயும் டாக்டருக்குத்தான். நம் நாட்டில் ராஜஸ்தான், ஹரியானா மாநிலங்களின் கால்நடைப் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பக்கத்தில் வருகிற இரண்டு வருஷ டிப்ளமோ நடத்துகின்றன. நம் மாநிலத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறையே ஆள் எடுத்து, 11 மாதம் பயிற்சி கொடுத்து, கால்நடை ஆய்வாளராக அனுப்புவதுதான் வழக்கம். அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதே.

உதவியாளர் வேலைக்கு வேறு வாசல்களும் உண்டு. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிறதே கால்நடை ஆம்புலன்ஸ், அதில் டாக்டரோடு ஓர் உதவியாளரும் இருப்பார். இன்னொன்று சினை ஊசி. மத்திய அரசின் 'மைத்ரி' திட்டத்தில் மூன்று மாதப் பயிற்சி உண்டு. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த விந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைத்து இளக்குவதில் தொடங்கும் வேலை. கை சுத்தமும் பொறுமையும் இருந்தால் ஊருக்குள் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் மாடு அதிகமுள்ள ஊராக இருக்க வேண்டும். திரேஸ்புரத்தில் உட்கார்ந்துகொண்டு நடக்காது.

உன் மதிப்பெண்ணை எழுதவில்லையே? நன்றாக இருந்தால் உதவியாளர் பேச்சையே விடு. திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012லிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருஷப் படிப்பு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. இது தெரியாமலே எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஊரிலேயே 1977லிருந்து இருக்கும் மீன்வளக் கல்லூரியை இதோடு குழப்பிக்கொள்ளாதே. நல்ல கல்லூரி, ஆனால் அது மீனுக்கு.

மதிப்பெண் போதவில்லை என்றாலும் முகம் வாட வேண்டாம். உதவியாளர் வேலை லேசுப்பட்டதல்ல. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது பாதி கல்லூரி, பாதி ஒரு பழைய கம்பவுண்டர். எருமைக்கு ஊசியோடு நான் நெருங்கும்போது அவர் ஊசியைப் பார்க்க மாட்டார், காதைத்தான் பார்ப்பார். காது பின்னால் மடங்கினால், 'நில்லுங்க சார்' என்பார். அந்த மனிதர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த பிடியில்தான் என் விலா எலும்பு முழுசாக இருக்கிறது. உன் தாத்தாவிடம் கேட்டுப் பார். குளிக்கிறவன் உயிர் கயிறு பிடிக்கிறவன் கையில் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதனால்தான் மைத்துனன் பிடிக்க வேண்டும் என்றார்கள். தங்கை தாலி அறுக்க விடமாட்டான் பார்!

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாம் ஒன்றுக்குப் போய்ப் பார். ஐஸ் பெட்டியை வெயிலில் திறந்து வைத்திருக்கிறார்களா, கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கிறார்களா என்று கவனி. மருந்தின் வீரியத்தைக் காப்பாற்றுவது உதவியாளரின் கை. சனிக்கிழமை விடிகாலையில் எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கும் ஒரு நடை போ. வேம்பூர் பொட்டு ஆட்டின் உதட்டை விலக்கி, 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு' என்று வியாபாரிகள் வயது சொல்வார்கள். நீயும் பிடித்துப் பார்க்கக் கேள். ஆடு திமிறும், கை வலிக்கும், உடம்பெல்லாம் மொச்சை அடிக்கும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடு, மதிப்பெண்ணோடு.

நாய் மேல் பிரியம் என்கிறாய். கடி வாங்குவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். இந்த வாரமே டாக்டரைப் பார்த்துக் கேள்.