செராமிக் கத்தியைத் தீட்ட உட்காருகிறவர்களுக்கு

1. கையில் இருப்பது இரும்பு இல்லை. சிர்க்கோனியம் ஆக்சைடு பொடியை அச்சில் அழுத்தி, 1,400 டிகிரியையொட்டிய சூட்டில் சுட்டெடுத்த பொருள். ஜப்பானின் கியோட்டோவிலுள்ள கியோசெரா நிறுவனம் 1980-களில் இதை அடுப்படிக்குக் கொண்டுவந்தது. எஃகுக் கத்தியின் வாய் மடியும்; நீவி நிமிர்த்திவிடலாம். இதன் வாய் மடியாது, பொடிப்பொடியாகப் பெயரும். மழுங்கிய கத்தியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், வாய் நெடுக ரம்பப் பல் தெரியும்.

2. வீட்டுச் சாணைக்கல், எஃகுக் கம்பி, கோப்பையின் அடிப்பக்கம் எதுவும் உதவாது. வைரத்தூள் பதித்த தகடுதான் வேண்டும். மோஸ் அளவில் சிர்க்கோனியா ஏறத்தாழ 8.5, வைரம் 10. தெருவில் வரும் சாணைக்காரரிடமும் நீட்டாதீர்கள். அவர் கைத்திறனில் குறை சொல்லவில்லை, அவருடைய சக்கரம் எஃகுக்கானது.

3. 600, 1200 கிரிட் என இரண்டு தகடுகள் போதும். மெருகுக்கு, தோல்பட்டையில் தடவிய 1 மைக்ரான் வைரப் பசை. சில்லு கண்ணுக்குத் தெரியாவிட்டால் 600-ஐத் தொடவே வேண்டாம்.

4. சாய்மானம் பக்கத்துக்கு 20 டிகிரி. அளக்கக் கருவி தேவையில்லை: கத்தியின் அகலம் 30 மி.மீ. என்றால் முதுகு தகட்டிலிருந்து 10 மி.மீ. உயர்ந்திருக்கட்டும். வாயோரம் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து நாலு இழுப்பு இழுங்கள். மை முழு அகலத்துக்கும் போனால் சாய்மானம் சரி. மேலோரத்தில் மட்டும் போயிருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். வாய் நுனியில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள்.

5. பெரும்பாலோர் கத்தியைக் கெடுப்பது அழுத்தத்தில்தான். முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட வேண்டும். வாயை முன்னே தள்ளினால் புதுச் சில்லு பெயரும். கத்தியின் எடையே போதும், விரல் வழிகாட்டினால் சரி. தகட்டில் தண்ணீர் இருக்கட்டும். இழுப்பின் கடைசியில் கத்தியைத் திருகித் தூக்காதீர்கள், நுனி அங்கேதான் உடையும். காதையும் வைத்துக்கொள்ளுங்கள்: கரகரப்பு மெல்லிய சீறலாக மாறினால் வாய் சீராகி வருகிறது.

6. எஃகில் மறுபக்கம் பிசிறு எழும்பும்; விரலில் தட்டுப்பட்டதும் அடுத்த பக்கம் திருப்புவோம். இதில் பிசிறே வராது. ஆகவே பத்து இழுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். வாய் விளக்கொளியில் மினுக்கினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்தான். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. பழுத்த தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுங்கள், அதுதான் பரீட்சை.

7. 1 மி.மீ.க்கு மேல் சில்லு பெயர்ந்திருந்தால் வாய் முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்க்க வேண்டியிருக்கும். ஒரு மாலைப் பொழுது போய்விடும். சில்லு ஓரமாக இருந்தால் அப்படியே விட்டு வெங்காயம் நறுக்குங்கள், தப்பில்லை.

8. உலர்ந்த தூளை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, கத்தியைக் கழுவுங்கள்.

9. எலும்பு, உறைந்த மீன், தேங்காய்ச் சில் இதன் வேலை இல்லை. கத்தியைப் படுக்கப்போட்டுப் பூண்டு நசுக்காதீர்கள். நறுக்கியதை வாயால் வழிக்காமல் முதுகால் தள்ளுங்கள். கிரானைட் மேடையில் வைத்து வெட்டுகிற வீட்டில் இந்தக் கத்தியே வேண்டாம், அரிவாள்மணையே போதும்.