குத்தூசி மருத்துவமும் வயிற்று உபாதைகளும்

உபவாசம் ஏற்றவர்க்கும், கதிரவன் மறைந்தபின் எதனையும் உட்கொள்ளாதார்க்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இரவில் குமட்டலோ வயிற்றுப் பொருமலோ தோன்றினால் கஷாயமும் கொள்ளலாகாது, மாத்திரையும் கொள்ளலாகாது. வாய்வழியே ஒன்றும் செல்லாத சிகிச்சை அவர்க்குப் பெருந்துணையாகும். அக்குபங்சர் எனும் குத்தூசி மருத்துவம் அத்தகையது. அஃது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைச் சிராவக சிராவகியர் அறிதல் நலம்.

1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் எனும் அமெரிக்கப் பத்திரிகையாளர்க்குப் பீகிங் நகரில் குடல்வால் அகற்றப்பட்டது. அறுவைக்குப்பின் வயிறு உப்பி வருந்திய அவருக்கு வலது முழங்கையிலும் முழங்கால்களின் கீழும் ஊசி ஏற்றினர். ஒரு மணி நேரத்துள் உப்புசம் தணிந்தது. அறுவையே ஊசியால் நடந்ததென்று சிலர் எழுதுவர், அது பிழை. அறுவைக்கு வழக்கமான மயக்க மருந்தே தரப்பட்டது. நம் நாட்டில் இம்முறையைப் பரப்பியவர் கல்கத்தா மருத்துவர் பி.கே. பாசு. 1938-இல் டாக்டர் கோட்னிஸுடன் சீனம் சென்ற மருத்துவக் குழுவினருள் அவரும் ஒருவர்.

குமட்டலுக்குரிய புள்ளி 'நெய்குவான்'. மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநாண்களின் நடுவே உள்ளது. ஊசியின்றிக் கட்டைவிரலாலேயே இரண்டு மூன்று நிமிடம் அழுத்தலாம், விரதத்திற்குப் பங்கமில்லை. அறுவைக்குப்பின் வரும் குமட்டலை இப்புள்ளி குறைக்கிறது என்பதை 2015-இல் 59 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிக்கை காட்டிற்று. நாட்பட்ட மலச்சிக்கலில் மின்னூசிச் சிகிச்சை பயன்தந்ததை 2016-இல் 1,075 பேரிடம் நடந்த சீன ஆய்வு கூறுகிறது. ஆயினும், உண்டவுடன் வயிறு வலித்துக் கழிச்சலும் சிக்கலும் மாறிமாறி வரும் குடல் எரிச்சல் நோயில், மெய்யூசிக்கும் போலியூசிக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எல்லா நோயும் ஊசியால் தீருமென்பாரை நம்பற்க.

இதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, இடத்தோளுக்குப் பரவும் வலி ஆகியவற்றை நம் வீடுகளில் 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுப்பர். அது மாரடைப்பாகவும் இருக்கலாம். அவ்வேளை புள்ளி தேடி அழுத்திக்கொண்டிருத்தல் உயிருக்கே கேடு. கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்கும்போது அடைத்தல் ஆகியவையும் முதலில் மருத்துவர் பார்க்கவேண்டியவை. கிளியனூரில் உள்ளார்க்கு ஒரே சாலையில் ஒருபுறம் திண்டிவனம் அரசு மருத்துவமனை, மறுபுறம் புதுச்சேரி ஜிப்மர். நீரிழிவுடையார் உபவாசத்தில் குமட்டலும் தலைச்சுற்றலும் கண்டால் சர்க்கரை அளவைப் பார்த்தல் வேண்டும். அது மிகத் தாழ்ந்திருப்பின் நோன்பை உடனே முடித்து உணவு கொள்க. உயர்ந்திருப்பின் மருத்துவமனை செல்க.

ஊசி ஏற்றிக்கொள்வோர், அஃது உறை பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா எனக் கேட்டறிக. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் அதனை முன்னரே சொல்லிவிடுக.