அடியும் அழுத்தமும்: மின்னணுக் கருவிகளைக் காப்பது எப்படி?



பாட்டி பாடிய தாலாட்டு, ஊரில் நடந்த கல்யாணம், மகளின் அரங்கேற்றம் எல்லாம் ஒரு காலத்தில் கேசட்டுகளில் இருந்தன. நம்மில் பலர் அவற்றை இப்போது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில் ஏற்றி வைத்திருக்கிறோம். கேசட் கீழே விழுந்தால் உறை உடையும். பாட்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வன்தட்டு விழுந்தால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடக்கூடும். இது ஏன், இதைத் தடுப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாசித்துக் காட்டலாம்.

1. உள்ளே என்ன இருக்கிறது?

வன்தட்டுக்குள் கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ செய்த வட்டத் தகடுகள் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு 90 சுற்று. எழுதவும் படிக்கவும் உதவும் சிறு முனை தகட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றில் அது மிதக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்! சுழலும்போது ஓர் அடி பட்டால் முனை தகட்டில் மோதும். மோதிய இடத்தில் காந்தப் பூச்சு உரியும். அங்கே எழுதியிருந்தது அழியும்.

மின்சாரத்தை நிறுத்தினால், மடிக்கணினி வகைத் தட்டுகளில் பெரும்பாலானவற்றில் முனை தகட்டை விட்டு விலகி ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே நிறுத்திய தட்டு, ஓடும் தட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேலான அதிர்ச்சியைப் பொதுவாகத் தாங்கும். இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது: விளக்கு எரியும்போது வன்தட்டை எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 விநாடி ஆகும். அதற்குள் விழுவதை உணர்ந்து முனையை ஒதுக்கிவிடும் ஏற்பாட்டை ஐ.பி.எம். நிறுவனம் 2003இல் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் கொண்டுவந்தது. ஆனால் எல்லாத் தட்டுகளிலும் இந்த வசதி இருப்பதில்லை.

2. விழுவதில் ஆபத்தில்லை, நிற்பதில்தான் ஆபத்து

கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு இது தெரியும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். பந்து நிற்க எடுக்கும் தூரம் கூடினால் கையில் விழும் அடி குறையும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு அடி விழுகிறது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

ஒரு மீட்டர் உயரம் என்பது 1,000 மில்லிமீட்டர். கல் தரையில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் 1,000 மடங்கு. நுரைப்பஞ்சு 10 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் 100 மடங்கு. 25 மில்லிமீட்டர் அமுங்கினால் 40 மடங்கு மட்டுமே. இவை சராசரிக் கணக்கு; உச்சத்தில் அடி இதைவிடக் கூடும். ஆனால் பாடம் மாறாது. கெட்டியான பெட்டி மட்டும் பொருளைக் காப்பதில்லை. அமுங்கிக் கொடுக்கும் இடமே காக்கிறது.

3. பொதி கட்டும் முறை

நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகளை எடுத்து வைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் இதை எப்போதோ அறிந்தவர்கள். ஒவ்வொரு பொம்மையையும் துணியில் சுற்றுவார்கள். ஒன்றோடொன்று முட்டாமல் இடையில் வைக்கோலோ தாளோ திணிப்பார்கள். மின்னணுக் கருவிக்கும் அதே முறைதான்.

முதலில், நிலைமின்சாரத்தைத் தடுக்கும் உறையில் கருவியை இடுங்கள். பிறகு ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் அளவுக்கு நுரைப்பஞ்சு வையுங்கள். பஞ்சு மிகவும் மென்மையாக இருந்தால் முழுதும் அமுங்கிக் கருவி பெட்டிச் சுவரில் இடிக்கும். மிகவும் கெட்டியாக இருந்தால் அமுங்கவே அமுங்காது. கசக்கிய செய்தித்தாள் ஒருமுறை அமுங்கினால் மீண்டும் எழாது. இரண்டாவது அடிக்கு அது உதவாது. மூடிய பெட்டியை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் திரும்பக் கட்டுங்கள்.

விமானப் பயணத்தில் வன்தட்டைக் கைப்பையில் கொண்டுபோவதே நல்லது. பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி ஆகியவற்றை அனுப்பும் பெட்டியில் வைக்கவே கூடாது. அது விமான விதி.

4. அடி இல்லாமலே உடைவது

விழாமலும் கருவி கெடும். மடிக்கணினியின் விசைகள் மேல் ஒரு பேனா கிடக்க மூடினால் திரை விரியும். பக்கவாட்டில் நீட்டி நிற்கும் பென் டிரைவில் முழங்கை பட்டால், உள்ளே பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும். மின்சுற்றுப் பலகை சற்றே வளைந்தாலும் அதிலுள்ள பீங்கான் மின்தேக்கிகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பழுது சில மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

கணினியில் நினைவகப் பலகை பொருத்தும்போது ஓரங்களைப் பிடித்து, வெட்டுக்குறி பொருந்துகிறதா என்று பார்த்தபின் அழுத்துங்கள். இறங்கவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். திருப்பி வைத்துப் பாருங்கள். நான்கு திருகுகள் இருந்தால் ஒன்றை முழுதும் முறுக்காமல், மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

5. விழுந்துவிட்டால்?

வன்தட்டு விழுந்தபின் 'டிக் டிக்' என்ற ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சமிருப்பதும் உரியும். வீட்டில் திறக்கவே கூடாது. காற்றில் மிதக்கும் ஒரு தூசு அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. தரவு மீட்பவர்கள் தூசற்ற அறையில்தான் திறப்பார்கள். அதற்கு நிறையச் செலவாகும். மீளும் என்ற உறுதியும் இல்லை.

அசையும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. தட்டுகள் அடியை நன்றாகவே தாங்கும். ஆனாலும் எதுவும் அழியாதது அல்ல. ஆகவே எல்லா விதிக்கும் மேலான விதி ஒன்று உண்டு: அருமையான பதிவுகளுக்கு இரண்டு பிரதி இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம், ஒரே பெட்டியில் பயணம் செய்யவும் வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. 80 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து விழும் கருவி, கம்பளத்தில் 4 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. அடி எத்தனை மடங்கு? (விடை: 200)

2. ஒரு முட்டையைச் செய்தித்தாளிலும் இன்னொன்றை நுரைப்பஞ்சிலும் பொதிந்து, ஒரே உயரத்திலிருந்து மும்முறை போட்டுப் பாருங்கள். எது முதலில் உடைகிறது? ஏன்?

3. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் குரல் எந்தத் தட்டில் இருக்கிறது? அதன் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது? இந்த வினாவுக்கு இன்றிரவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விடை காணுங்கள்.