மூக்குக் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? வில்லையும் பூச்சும் பற்றி ஒரு பாடம்



கல்முனை பஸாரில் ஏதாவது ஒரு கண்ணாடிக் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் இப்படியொரு பேச்சுக் காதில் விழும்.

"காக்கா, சும்மா வில்லை போட்டாச் சரிவராது. கோட்டிங் உள்ளதாப் பாத்து எடுங்க. புளூ கட் இருக்கு, கூச்சம் தெரியாத கோட்டிங் இருக்கு, வெயிலுக்குக் கறுக்கிறதும் இருக்கு."

"எனக்கு அதெல்லாம் விளங்காது தம்பி. கண்ணு தெரிஞ்சாச் சரி. எவ்வளவு வரும்?"

விலையைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் கடன்பட்டு எல்லாக் கோட்டிங்கும் போட்டு வாங்குகிறார்கள். இரண்டிலும் நட்டப்படுவது தொழிலாளிதான். ஆகவே எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை இம்முறை பார்ப்போம்.

கண்ணாடியும் நாட்கூலியும்

நாற்பது வயதை அண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகத் தொடங்குகிறது. கிட்ட உள்ளது மங்குகிறது. இது நோயல்ல, நரை வருவது போல எல்லோருக்கும் வருவது. ஆனால் கூலி குறைவது இதனால்தான் என்று பலருக்குத் தெரிவதில்லை.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி உடனே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களோடு ஒப்பிட 21.7 வீதம் கூடியது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 31.6 வீதம் கூடியது. அது விலை குறைந்த சாதாரணக் கண்ணாடி. கூலியைக் கூட்டியது கோட்டிங் அல்ல, சரியான பவர்.

முதலாம் பாடம்: வேலை எவ்வளவு தூரத்தில்?

கண் பரிசோதிக்கும்போது "என்ன வேலை செய்கிறேன், அந்த வேலை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது" என்பதை நாமே சொல்ல வேண்டும். தூரப் பார்வை நன்றாக இருந்து கிட்டப் பார்வை முழுதாகக் குறைந்த ஒருவருக்கு ஒரு கணக்கு உண்டு. 100 ஐப் பவரால் வகுத்தால், தெளிவாகத் தெரியும் தூரம் சென்ரிமீற்றரில் வரும். 2.50 பவருக்கு 40 சென்ரிமீற்றர். அது புத்தகம், குர்ஆன், பத்திரிகை வாசிக்கும் தூரம். 2.00 பவருக்கு 50 சென்ரிமீற்றர்.

மருதமுனையில் தறியில் இருக்கும் ஒரு நெசவாளியை எடுத்துக்கொள்வோம். அறுந்த நூலை அவர் பார்ப்பது புத்தகம் வாசிக்கும் தூரத்தில் அல்ல, அதைவிடத் தள்ளி. வாசிப்பதற்கென்று கொடுத்த கண்ணாடியைப் போட்டால் அவர் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். முதுகு நோகும், "கண்ணாடி சரியில்ல" என்று கழற்றி வைத்துவிடுவார். தறிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்து கொண்டுபோனால் இந்தக் கரைச்சல் இல்லை.

சந்தையில் தொங்கும் கண்ணாடி ஆகாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான். சிலிண்டர் பவர் இருக்காது. இரு கண்ணும் ஒரே மாதிரி உள்ளவர் சிறிது நேரம் வாசிக்க அது போதும். நாள் முழுக்க வேலை செய்வதற்குப் போதாது.

இரண்டாம் பாடம்: வில்லை எதனால் செய்தது?

பழைய கண்ணாடி வில்லை இலகுவில் கீறாது. ஆனால் பிளாஸ்டிக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும்.

இன்று கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் வில்லைக்குச் சீ-ஆர் 39 என்று பெயர். 1940 களில் அமெரிக்காவில் உருவானது. பாரம் இல்லை, விலையும் குறைவு. மேலே கீறல் தடுக்கும் கடினப் பூச்சு இருக்க வேண்டும்.

மூன்றாவது பொலிகாபனேற். அடி பட்டாலும் இலகுவில் உடையாது. கழியூதாக் கதிரையும் தானே தடுக்கும். கரும்பு வெட்டுபவர், தேங்காய் உரிப்பவர், புல் வெட்டும் மெஷின் பிடிப்பவர், ஒரு கண் மட்டும் தெரிபவர், விளையாடும் பிள்ளைகள் ஆகியோருக்கு இதுதான் ஏற்றது. ஆனாலும் கல் தெறிக்கும் வேலைக்குப் பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

மூன்றாம் பாடம்: எந்தப் பூச்சு யாருக்கு?

கீறல் தடுக்கும் பூச்சு: பிளாஸ்டிக் வில்லை போடும் எல்லோருக்கும் வேண்டும். கடற்கரை மணல் உள்ள நமது ஊர்களில் இது இல்லாமல் ஆறு மாதம் போவதே கஷ்டம்.

கழியூதாத் தடுப்பு: வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வேண்டும். "யூவீ 400" என்று கேளுங்கள். கறுப்பாக இருந்தால் கதிரைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரியும், கதிர் இன்னும் கூடுதலாக உள்ளே போகும்.

தெறிப்புத் தடுக்கும் பூச்சு: சும்மா பிளாஸ்டிக் வில்லையில் பட்ட வெளிச்சத்தில் ஏறக்குறைய 8 வீதம் திரும்பித் தெறித்துவிடுகிறது. அதைத் தடுக்கும் பூச்சை 1935 இல் ஜேர்மனியின் சைஸ் கம்பனியில் அலெக்சாண்டர் சிமகுலா கண்டுபிடித்தார். இராவில் பஸ், ஓட்டோ ஓட்டுபவர், கணனியில் இருப்பவர், பவர் கூடியவர் ஆகியோருக்கு இது பிரயோசனம். பகலில் வயலில் நிற்பவர் இதற்குக் கடன்படத் தேவையில்லை.

போலறைஸ்ட் வில்லை: இது பூச்சு அல்ல, வில்லையின் ஒரு வகை. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வெட்டும். தோணியில் போகிறவருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் நல்லது. இதைப் போட்டுக்கொண்டு போன் திரையைச் சரித்துப் பார்த்தால் திரை இருண்டு போகும். அது பழுதல்ல.

வெயிலுக்குக் கறுக்கும் வில்லை: கழியூதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். வாகனத்தின் முன் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுப்பதால் சாரதிக்கு அவ்வளவு உதவாது. கடும் வெக்கையிலும் குறைவாகவே கறுக்கும்.

புளூ கட்: போன், கணனியால் வரும் கண் களைப்பு இதனால் குறையும் என்று விற்கிறார்கள். 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் அறிக்கை 2023 இல் வந்தது. சாதாரண வில்லையைவிட இது களைப்பைக் குறைப்பதாக அதில் தெரியவில்லை. இதற்குக் கொடுக்கும் காசைப் பிள்ளையின் கண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம்.

நான்காம் பாடம்: கடையில் பார்ப்பதும் வீட்டில் காப்பதும்

தெறிப்புத் தடுப்பு உண்டா என்று பார்க்க, வில்லையை ரியூப் லைற்றுக்குக் கீழே பிடியுங்கள். லைற்றின் சாயல் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. மங்கலாக, பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. எந்தப் பூச்சுக்குக் காசு எடுத்தார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பரிசோதனைச் சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். அது உங்களுடையது.

சாரத்தாலோ முந்தானையாலோ காய்ந்த வில்லையைத் துடைக்காதீர்கள். மணலும் உப்பும் அரம் போலக் கீறும். முதலில் தண்ணீரில் கழுவி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் கண்ணாடியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பூச்சு வெடித்துப்போகும்.

கண்ணாடியால் தீராதவை

சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனிக்கவும். சீனி ஏறி இறங்கும் காலத்தில் பவரும் மாறும். சீனி கட்டுப்பட்டுச் சில வாரம் போன பிறகு பரிசோதித்தால்தான் காசு வீணாகாது. கண்புரையைக் கண்ணாடி தீர்க்காது, அதற்குச் சத்திரசிகிச்சை உண்டு. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமலே பார்வையைப் பறிக்கும். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடிக் கடைக்கு மட்டும் போகாமல் அரச ஆஸ்பத்திரியின் கண் சிகிச்சைப் பிரிவிலும் ஒருமுறை காட்டுவது நல்லது. கரும்போலையோ நெற்கதிரோ கண்ணைக் கீறினால் இலைச்சாறு விடாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

ஆகவே கையில் உள்ள காசை இந்த ஒழுங்கில் செலவழிப்போம். முதலில் நல்ல பரிசோதனை. இரண்டாவது வேலைக்கேற்ற பவர். மூன்றாவது உடையாத வில்லை, கீறல் தடுப்பு, வெயிலில் நிற்பவர்க்குக் கழியூதாத் தடுப்பு. மிஞ்சினால் மட்டும் மற்றவை.

இந்தப் பக்கத்தைக் கையை நீட்டித் தூரப் பிடித்துத்தான் வாசிக்க முடிந்ததா? அப்படியென்றால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான். வாசிக்கவே முடியாத வாப்பாவும் உம்மாவும் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.