கடனை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடக்கலாமா?

வெளிநாடு கிளம்புகிறவர் செய்யும் ஆயத்தங்களை நாம் எல்லோரும் அறிவோம். பாஸ்போர்ட், விசா, மெடிக்கல், டிக்கெட் என ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறார். பெட்டியை எடை போட்டுப் பார்க்கிறார். சொந்தபந்தங்களின் வீடுகளுக்குப் போய் ஸலாம் சொல்லி, துஆச் செய்யக் கேட்டுக்கொள்கிறார். கடைசி ஜும்ஆவை மஹல்லாப் பள்ளியில் தொழுதுவிட்டு விமான நிலையத்துக்கு வண்டி ஏறுகிறார். இத்தனைக்கும் நடுவே ஒரு வேலை மட்டும் பல நேரம் விடுபட்டுப்போகிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதும் வேலை அது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நேரடியாகவே விமானம் ஏறலாம். நம் மஹல்லாக்களில் சபுராளி இல்லாத தெரு அரிது. அவர்களின் உழைப்பால் எத்தனையோ வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் கல்லூரி வாசல் மிதித்தார்கள், குமர் காரியங்கள் நிறைவேறின, மதரஸாக்கள் நடக்கின்றன. இதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அறக்கட்டளைக்கு வரும் முறையீடுகளில் ஒரு வகை கவலை தருகிறது. "போனவர் போனார், பணம் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை" என்பதே அதன் சுருக்கம்.

இப்படி முறையிடுகிறவர்கள் பெரும் செல்வந்தர்கள் அல்லர். பற்று எழுதிச் சாமான் கொடுத்த மளிகைக் கடைக்காரர். ஏலச்சீட்டை முதலிலேயே எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் போனதால் தவிக்கும் சீட்டு நடத்துபவர். ஆறு மாத வாடகைக்குக் காத்திருக்கும் விதவைத் தாய். விசாவுக்காகத் தன் வளையலை அடகு வைத்துக் கொடுத்த சாச்சி. வீட்டுப் பெண்ணின் பெயரில் குழுக் கடன் வாங்கிக் கிளம்பியவர்களும் உண்டு. அங்கே ஒருவர் தவணை தவறினால், உடன் கையெழுத்திட்ட மற்றப் பெண்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு அடைக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதர சமய வியாபாரியும் நம்மிடம் வந்தார். அவர் கையில் பத்திரம் எதுவும் இல்லை. பாய் வாங்கினால் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுவார் என்று தன் தகப்பனார் காலத்திலிருந்து பழக்கம் என்றார். நீதிமன்றம் போக அவருக்கு மனமில்லை. ஜமாஅத்தில் சொன்னால் ஒரு பதில் கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தார். ஒருவர் செலுத்தாமல் விட்ட தொகையில், பல தலைமுறையாக நம் முன்னோர் சேர்த்து வைத்த நாணயமும் சேர்ந்து கரைகிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

குவைத்திலிருந்து வந்த செய்தி

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். குவைத்தின் கல்ஃப் பேங்க், தன்னிடம் கடன் பெற்ற 1,400-க்கும் மேற்பட்ட கேரளத்தவர் சுமார் 700 கோடி ரூபாயைத் திருப்பிச் செலுத்தவில்லை என்று கேரளக் காவல்துறையிடம் புகார் செய்தது. அவர்களில் பெரும் பகுதியினர் அந்நாட்டுச் சுகாதாரத் துறையில் பணிபுரிந்த செவிலியர்கள் என்றும், பலர் அங்கிருந்து பிரிட்டன், கனடா போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்றும் செய்திகள் கூறின. சிலர் மீது வழக்குகள் பதிவாயின.

ஒவ்வொருவர் நிலையும் வேறாக இருக்கலாம். குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. நாம் கவனிக்க வேண்டியது அதிலுள்ள பாதையை. ஓரிடத்தில் வாங்கிய கடனை அடைக்கும் முன் அடுத்த நாட்டுக்கு வாய்ப்பு வருகிறது. போன பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்று மனம் சொல்கிறது. புதிய இடத்தின் செலவுகள் முன்னால் நிற்கின்றன. பழைய கடன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கொடுக்கவே கூடாது என்று எண்ணாதவர்கூட இந்தப் பாதையில் கொடுக்காதவராக ஆகிவிடுகிறார்.

ஹிஜ்ரத்தின் இரவு

ஊரை விட்டுப் போவதற்கு நம் முன்னால் உள்ள மிகப் பெரிய முன்மாதிரி ஹிஜ்ரத். மக்காவாசிகள் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்த இரவு அது. உயிருக்கு ஆபத்து வாசலில் நின்றது. அதே மக்காவாசிகளின் அமானிதப் பொருள்கள் அப்போதும் நபியவர்களின் பொறுப்பில் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களைப் பின்னால் தங்கவைத்தார்கள். அலீ (ரலி) மூன்று நாள் தங்கி, எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகே மதீனா நோக்கிப் புறப்பட்டதாக வரலாறு சொல்கிறது.

பொருளுக்கு உரியவர்களோ எதிரிகள். முஸ்லிம்களின் சொத்துகளைப் பறித்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. ஈடுக்கு ஈடு என்று வைத்துக்கொள்ள ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம், நபியவர்கள் சொல்லவில்லை. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் இறைவசனமும் (4:58) உரியவரின் மார்க்கத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. நபியவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் கவச உடை ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்கு ஈடாக அடகில் இருந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். மாற்று மதத்தவரின் கடன் இலேசானது என்ற எண்ணத்துக்கு நம் மார்க்கத்தில் இடமே இல்லை.

மரத்துண்டுக்குள் ஆயிரம் தீனார்

கடல் கடந்த கடனைப் பற்றியே புகாரீயில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பனூ இஸ்ராயீல் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ஆயிரம் தீனார் கடன் கேட்டார். சாட்சியாகவும் பொறுப்பாளியாகவும் அல்லாஹ்வையே முன்னிறுத்தினார். தவணை குறித்துப் பணம் பெற்றுக் கடல் கடந்து போனார். தவணை நாளில் திரும்பிவரக் கப்பல் தேடினார்; கிடைக்கவில்லை. ஒரு மரத்துண்டைக் குடைந்து, அதனுள் ஆயிரம் தீனாரையும் ஒரு கடிதத்தையும் வைத்து அடைத்து, அல்லாஹ்விடம் ஒப்படைத்துக் கடலில் விட்டார். மறுகரையில் கப்பல் வருகிறதா என்று பார்க்க வந்த கடன் கொடுத்தவர், விறகுக்கு ஆகும் என்று அந்தத் துண்டை எடுத்துப்போனார். பிளந்தபோது பணமும் கடிதமும் இருந்தன.

பலர் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பகுதிதான் நமக்குப் பாடம். மரத்துண்டை விட்டவர் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. தொடர்ந்து கப்பல் தேடினார். கிடைத்ததும் இன்னொரு ஆயிரம் தீனாருடன் வந்து நின்றார். பணம் முன்னமே சேர்ந்துவிட்டது என்று அந்த நல்ல மனிதர் சொன்ன பிறகே நிம்மதியாகத் திரும்பினார். உரியவர் கையில் சேர்ந்தது உறுதியாகும் வரை கடன் தீரவில்லை என்று அவர் அறிந்திருந்தார். இன்று நமக்கு மரத்துண்டு தேவையில்லை. கைப்பேசியில் சில நிமிடங்களில் பணம் ஊருக்கு வந்துவிடுகிறது.

ஜனாஸாவில் கேட்கப்படும் கேள்வி

ஆரம்ப நாட்களில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரிப்பார்கள். கடன் இருந்து, அடைக்க எதுவும் விட்டுச்செல்லாத ஒருவருக்குத் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். பிற்காலத்தில் வெற்றிகளும் செல்வமும் வந்தபோது, கடனோடு இறப்பவரின் பொறுப்பைத் தாமே ஏற்பதாக அறிவித்தார்கள். ஷஹீதின் பாவங்கள் மன்னிக்கப்பட்டாலும் கடன் மன்னிக்கப்படாது என்ற நபிமொழி முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் இன்றும் நம் பள்ளிவாசல்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகனோ சகோதரரோ நின்று, இவர் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று அறிவிக்கிறார். வெளிநாட்டில் மரணம் நேர்ந்து அங்கேயே அடக்கம் ஆகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாலக்கரையிலும் தென்னூரிலும் கடன் கொடுத்தவர்கள் இருக்க, அந்த அறிவிப்பைக் கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். எழுதி வைக்காத கடன் அவரோடு கப்ருக்குள் போய்விடும்.

ஜுபைர் (ரலி) அவர்களின் குடும்பம் காட்டிய வழி இதற்கு நேர் எதிரானது. தம் கடனை அடைக்கும்படி மகன் அப்துல்லாஹ்விடம் அவர்கள் வசிய்யத் செய்திருந்தார்கள். கடன் 22 இலட்சமாக இருந்தது. மகனார் சொத்தை விற்று அடைத்தார்கள். பிறகும் வாரிசுகளுக்குப் பங்கிடாமல், உரிமையுள்ளவர் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்தார்கள். வசிய்யத்தையும் கடனையும் நிறைவேற்றிய பிறகே பாகப்பிரிவினை என்ற இறைச்சட்டத்தை (4:11, 12) அவர்கள் எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இயலாமையும் ஏமாற்றும் ஒன்றல்ல

கடன் வாங்குவது பாவமல்ல. கடனோடு வெளிநாடு போவது எல்லா நேரமும் தவறுமல்ல. கடனை அடைக்கவே பலர் போகிறார்கள். திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு அல்லாஹ் உதவுவான் என்றும், அழிக்கும் எண்ணத்தோடு வாங்குபவரை அல்லாஹ் அழிப்பான் என்றும் ஹதீஸில் வருகிறது. தவணை வந்துவிட்ட கடனை அடைக்க வசதியிருப்பவர், கடன் கொடுத்தவரின் இசைவின்றிப் பயணம் கிளம்பக் கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அவர் இசைந்தாலோ, பொறுப்பேற்க ஒருவரை நிறுத்தினாலோ செல்லலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கடன் இருக்கிறதா என்பதோடு நிற்காது. கடன் கொடுத்தவருக்குத் தெரியுமா, அவர் ஒப்புக்கொண்டாரா என்றும் கேட்க வேண்டும்.

அங்கே போன பிறகு வேலை பறிபோகலாம், ஏஜென்ட் ஏமாற்றியிருக்கலாம், நோய் வரலாம். அப்படிப்பட்டவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் குர்ஆன் (2:280) கூறுகிறது. கடன் கொடுத்தவர்கள் இதை மறக்கக் கூடாது. வாசலில் நின்று பெண்பிள்ளைகளை ஏசுவது எந்த வகையிலும் ஆகுமானதல்ல. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் உண்டு (9:60). உண்மையான இயலாமை என்றால் மறைந்திருக்காமல் ஜமாஅத்திடமும் நம்மிடமும் சொல்லட்டும்.

ஆனால் வசதி உள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் கடன் நிற்க, வளைகுடாவிலிருந்து இரண்டாவது, மூன்றாவது உம்ராவுக்குப் போய்ப் படம் அனுப்புகிறவர்கள் சிந்திக்க வேண்டும். அந்தப் படத்தைக் கடன் கொடுத்தவரும் தன் போனில் பார்க்கிறார். தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறர் உரிமையைப் பறித்ததால் நன்மைகளை எல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவரே உண்மையான திவாலானவர் என்ற நபிமொழி நம்மை நடுங்கவைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மூன்று வருடம் போனால் கடன் காலாவதியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, கடன்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. அமீரகத்தில் கடனை விட்டுவிட்டு ஊர் திரும்பினால் தப்பிவிடலாம் என்ற எண்ணமும் செல்லாது. அமீரக நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றங்கள் வழியாகவே நிறைவேற்றக் கேட்கலாம் என்று 2020 ஜனவரி 17 அன்று இந்திய அரசு அறிவித்திருக்கிறது. சட்டத்தில் காலக்கெடு முடிந்தாலும் மறுமையின் கணக்கில் காலக்கெடு இல்லை. வட்டிக் கடன் என்பதால் அசலையும் கொடுக்க வேண்டாம் என்று வாதிடுவதும் தவறு. வட்டியைத் தடுத்த அதே இடத்தில், அசல் உரியவருக்கே என்று குர்ஆன் (2:279) சொல்லிவிட்டது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. கடன்களை எல்லாம் எழுதுங்கள். மளிகைப் பற்று, சீட்டு, வாடகை, கைமாற்று, நகைக்கடன், மனைவிக்குத் தரவேண்டிய மஹர் என எதையும் விடாதீர்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 2:282 குர்ஆனிலேயே மிக நீளமான வசனம்.

2. பட்டியலில் ஒரு பிரதியை வீட்டிலும், ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுங்கள். அதையே உங்கள் வசிய்யத்தாகவும் ஆக்குங்கள்.

3. கடன் கொடுத்த ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். போகும் நாடு, போன் எண், மாதம் எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்லி இசைவு பெறுங்கள். எண் மாறினால் முதலில் அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

4. ஊரில் ஒருவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள். வயதான அத்தாவையும் உம்மாவையும் அவர்கள் அறியாமலே பொறுப்பாளி ஆக்காதீர்கள்.

5. முதல் சம்பளத்திலிருந்தே சிறு தொகையாவது அனுப்புங்கள். ஆயிரம் ரூபாய் வந்தாலும் அவருக்கு நம்பிக்கை வரும்.

6. விசாவுக்காகத் தேவைக்கு மேல் கடன் வாங்காதீர்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்பது விதி. அவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

7. அங்கிருந்து திரும்பும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, போன் இணைப்பு ஆகியவற்றை முடித்து, பாக்கியில்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

ஏற்கனவே போய்விட்டவர்களுக்கும் ஒரு சொல். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அழைத்துப் பேச வெட்கப்படாதீர்கள். நேரடியாகப் பேசத் தயங்கினால் உங்கள் ஜமாஅத் வழியாகவோ நம் வழியாகவோ தொடங்கலாம். பணத்தைவிட ஒரு போன் அழைப்புக்கே ஏங்கி நிற்கும் பலரை நாங்கள் இங்கே பார்க்கிறோம். கடன் கொடுத்தவர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும்.

கடன் சுமையிலிருந்து பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் துஆச் செய்வார்கள். நாமும் நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுப்போம். போகிற இடமெல்லாம் ஹலாலான ரிஜ்கையும், அதிலிருந்து பிறர் உரிமையை முதலில் கொடுத்து முடிக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.